மூச்சு வாங்காத பெட்டி

டிசம்பர் 1, 2008, திங்கள்

மழை விட்டுவிட்டது. ஏரித் தண்ணீர் தெருவிலிருந்து வடிந்து, சேறு மட்டும் மிச்சம். மொட்டைமாடிக் கொடியில் ஒரு வாரத்துத் துணி.

தொண்டை ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்ததே, அதற்கு இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயில்லை. பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, டாக்டர் கண்டிப்பு. ரூபி சிலேட்டும் பல்பமும் வாங்கித் தந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கட்டியவனுக்கு வேறென்ன கிடைக்கும். ஒன்று கவனித்தேன்: சிலேட்டில் திட்ட ஆரம்பித்தால் பாதி எழுதுவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. ரூபிக்கு இதில் ரொம்பச் சந்தோஷம்.

இன்றைய வேலைகள்:
கரண்ட் பில். ஆச்சு.
கம்பெனிக்கு லீவு நீட்டிப்பு லெட்டர். ஆச்சு. நான் இல்லாமல் ஸ்டோர்ஸ் என்ன கதியில் இருக்கிறதோ.
பாட்டு. ஆச்சு!

கடைசிப் பக்கத்தின் ஆல்டோ வரியை, அதாவது பெண்களின் கீழ்க்குரலை, இன்று கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் போட்ட மெட்டு. ரூபிக்கு மட்டும் ஒரே ஒரு தரம் அடுப்படியில் நின்று பாடிக் காட்டினேன், அதற்குள் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். பேச்சு வந்துவிடும் என்கிறார் டாக்டர். பாட்டு வருமா என்று சிலேட்டில் எழுதிக் கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார். டாக்டர்களின் பார்க்கலாம் எனக்குத் தெரியும்.

இது கடைசி மெட்டாக இருக்கலாம். நாலு குரலில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். 14ஆம் தேதி கரோல் ஆராதனை.

சிக்கல் என்னவென்றால் எங்கள் கொயரில் யாருக்கும் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இருபது வருஷமாக நான் ஒவ்வொரு குரலாகப் பாடிக் காட்டுவேன், அவர்கள் அச்சு அசலாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் தும்மினால் தும்மலும் பாட்டில் வந்துவிடும். இப்போது பாடிக் காட்ட ஆள் இல்லை. சபையின் கீபோர்டு வெள்ளத்தில் நனைந்துவிட்டது, ரிப்பேர்காரர் கிறிஸ்துமஸ் முடிந்துதான் கை வைப்பாராம். நனையாமல் இருந்திருந்தாலும் எனக்கு வாசிக்க வராது. மிச்சம் இந்தக் கம்ப்யூட்டர். எழுதியதை அதுவே வாசிக்கும் என்று கேள்வி.

பிளே பட்டனை அழுத்தினேன். திரையில் கோடு நகர்ந்தது, ஸ்வரம் ஸ்வரமாகக் கடந்தது, கடைசி வரை போய் நின்றது. ஒரு சத்தம் இல்லை.

ரூபி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கேத்த பொட்டிதான்" என்றாள். சிலேட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் கஞ்சி. மதியம் கஞ்சி. ஒருவேளைக்காவது மிளகாய் கண்ணில் காட்டச் சொல்ல வேண்டும்.

சத்தம் வராத காரணம் தெரிந்துவிட்டது. பெட்டியில் நொட்டேஷன் எழுதும் மென்பொருள் இருக்கிறது. வாத்தியச் சத்தம் கொடுப்பது வேறு பேக்கேஜ், அது இல்லை. பேக்கேஜுக்கு நான் வைத்த பேர் பொட்டலம். இந்த லினக்ஸில் எல்லாமே பொட்டலம்தான்.

லினக்ஸ் என் தலையில் ஏறிய கதை: மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜாபர், பழைய கம்ப்யூட்டரும் விற்பார். மார்ச்சில் இதை விற்கும்போது, "விண்டோஸ் வோணும்னா தனி காசு சார். இது சும்மா. வைரஸ் கிட்டவே வராது" என்றார். வைரஸ் வரவில்லை, வாஸ்தவம். வேறு எதுவும்கூட வரவில்லை.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அதற்கும் ஜாபர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'இந்தப் பொட்டலம் வேண்டும்' என்று பெட்டியிடம் கேட்டால், அது தன் கையில் உள்ள பட்டியலைப் பார்த்து, எந்தக் கோப்பு எந்த முகவரியில் கிடைக்கும் என்று எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போக வேண்டும். அங்கே இறக்கி, பென் டிரைவிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். ரேஷன் கடைக்குச் சீட்டு கொண்டுபோவது மாதிரி.

போனேன். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே பதில். 404. கோப்பு இல்லை. மறுபடி 404.

ஜாபர்: "சர்வர் படுத்துகினு கீது சார். நாளைக்கு எழுந்துக்கும்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோக்காரர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார், நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஊமை என்று நினைத்துக் காசு குறைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுப்பதற்குள் போய்விட்டார். நல்ல மனுஷன்.

டிசம்பர் 3, புதன்

சர்வர் எழுந்துகொண்டிருந்தது. 404 மட்டும் போகவில்லை.

நான் கடையில் உட்கார்ந்து அந்த முகவரிகளையே முறைத்துப் பார்த்தேன். பிறகு உறைத்தது. இருபத்தைந்து வருஷமாக ஸ்டோர்ஸில் என்ன கிழித்தேன்! ஆடிட் நேரத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்: கையில் போன வருஷத்து ஸ்டாக் லிஸ்ட், அதில் பேரிங் ஏழாம் ரேக் என்று இருக்கும், ஏழாம் ரேக்கில் கையை விட்டால் சிலந்தி. பொருள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. இடம் மாறியிருக்கும், புது எண் வந்திருக்கும். லிஸ்ட்தான் பழசு.

வீட்டுப் பெட்டியிடம் இருப்பது மார்ச் மாதப் பட்டியல். அதைப் பார்த்து டிசம்பரில் முகவரி எழுதித் தருகிறது, பாவம், நம்பிக்கையோடு.

சிலேட்டில் எழுதினேன்: பொருளைத் தேட வேண்டாம். முதலில் புதுப் பட்டியல்.

ஜாபர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கரெக்ட் சார்! அப்டேட் குடுக்கணும். ஆனா அதுக்கு உங்க வூட்ல நெட்டு வோணுமே." கொஞ்சம் யோசித்து, "என் கவுன்டர் மிசின்லயும் லினக்ஸ்தான். நேத்துதான் அப்டேட் பண்ணேன். என் லிஸ்ட்ட அப்டியே காப்பி பண்ணித் தரேன், எடுத்துகினு போ சார்" என்றார்.

அற்புதமான யோசனை என்று இரண்டு பேரும் நினைத்தோம். டீ சொன்னார். எனக்குப் பால், ஆறவைத்து. நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் கடைக்கு. புதுப் பட்டியலை வைத்து வீட்டுப் பெட்டி எழுதித் தந்த புது முகவரிகள். ஒன்றுகூட 404 இல்லை! எல்லாம் இறங்கின. ஜாபர் கைகுலுக்கினார்.

மாலையில் வீட்டில் ஏற்ற ஆரம்பித்தேன். பெட்டி ஒரு எச்சரிக்கை போட்டது: இதை ஏற்றினால் கீழ்க்கண்டவற்றை நீக்குவேன், சம்மதமா? கீழ்க்கண்டவை ஒரு பக்கம் நிறைய. நடுவில் என் நொட்டேஷன் மென்பொருளும் இருந்தது. பாட்டை வாசிக்க வேண்டுமானால் பாட்டு எழுதும் ஏற்பாட்டையே தூக்கிவிட வேண்டுமாம்!

இல்லை என்று அழுத்தினேன்.

கோபம் வந்தால் முன்பெல்லாம் கத்துவேன். இன்று எவர்சில்வர் டம்ளரை மேஜையில் தட்டினேன். ரூபி உள்ளேயிருந்து, "ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. இது ஏழெட்டு தட்டுறீங்க, இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள்.

பிறகு புரிந்தது. ஜாபரின் மிஷினில் இருப்பது லினக்ஸின் புதுப் பதிப்பு, என்னுடையது அதற்கு முந்தியதற்கும் முந்தியது. பக்கத்துக் கம்பெனி ஸ்டாக் லிஸ்டை வாங்கிவந்து நம் ரேக்கில் தேடிய கதை. பழைய பட்டியலின் நகல் எடுத்து வைத்திருந்தேன், அதைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஸ்டோர்ஸ் புத்தி, நகல் இல்லாமல் எதையும் தொட மாட்டேன். அதற்கும் இன்று நன்றி.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டு நாள் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. கஞ்சி.

ஆராதனை முடிந்து கொயர் பிராக்டிஸ். வேறு வழியில்லாமல் ரூபி முன்னால் நின்றாள். என் மெட்டை ஒரே தரம் கேட்டவள். எல்லாப் பொறுமையும் உள்ளவள், சுருதி மட்டும் இல்லாதவள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். "கதவு சாத்தவில்லை, வாரும்" என்று ஆரம்பித்தது எங்கேயோ போய், கடைசியில் பழைய கீர்த்தனை ஒன்றின் வாசலில் நின்றது. கொயர் விசுவாசமாக அப்படியே திருப்பிப் பாடியது.

நான் டம்ளர் கொண்டுபோகவில்லை. நல்லது.

பாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, அன்பாகத்தான் சொன்னார். "பிரதர், புதன்கிழமை பிராக்டிஸ்ல பாக்கலாம். புரோகிராம் ஷீட் அன்னைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும். செட் ஆகலன்னா போன வருஷப் பாட்டையே போட்டுடலாம். உங்க பாட்டு எங்கயும் போயிடாது, அடுத்த வருஷம் இருக்கு." தலையாட்டினேன். அடுத்த வருஷம் எனக்கு இருக்கும். எதை வைத்துக் கற்றுக்கொடுப்பேன்?

வீட்டுக்கு வரும் வழியில் ரூபி அழுதாள். "கெடுத்துட்டேன்ல?" ரோட்டில் நின்று சிலேட்டில் எழுதினேன்: ரொம்ப. சிரித்துவிட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "ஏங்க, அந்தப் பென் டிரைவைத் தூக்கிட்டு அலையிறீங்களே, பொட்டியவே ஜாபர் கடைக்குத் தூக்கிட்டுப் போனா என்ன?"

கஞ்சி ஸ்பூன் வாயிலேயே நின்றுவிட்டது. நானும் ஜாபரும் சேர்ந்து ஒரு வாரம் யோசித்திருக்கிறோம்.

டிசம்பர் 8, திங்கள்

லேசான தூறல். சிபியுவை முதலில் பெட்ஷீட், அதற்கு மேல் ரூபியின் ரெயின்கோட். மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் இருந்த அம்மா, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, துணியை விலக்கிப் பார்த்து, தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஜாபர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நமக்குத் தோணவே இல்லியே சார்!" சிலேட்டில் எழுதினேன்: வீட்டம்மா. "அதான பாத்தேன்" என்றார்.

நெட் கேபிள் குத்தி, புதுப் பட்டியல் கேட்கும் கட்டளையை அடித்தோம்: apt-get update. வரிவரியாக ஓடியது. எல்லா வரியின் கடைசியிலும் 404.

பொருளுக்கு 404 என்றால் பட்டியல் பழசு. பட்டியலுக்கே 404 என்றால்? ஜாபர் நகம் கடித்தார். ஏதோ தேட ஆரம்பித்தார். கரண்ட் போனது. ஒரு மணி நேரக் கட், தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம், இவருடைய யுபிஎஸ் பத்து நிமிஷத்தில் பேய் மாதிரிக் கூவிவிட்டு அணைந்தது.

கரண்ட் வந்தபோது கடையில் கூட்டம். ஏதோ ரிசல்ட்டாம், பிள்ளைகள் வரிசையில். நாளைக்கு வருகிறேன் என்று எழுதிக் காட்டினேன்.

"நாளைக்கு பக்ரீத் சார். கடை லீவு."

மறந்தே போனேன். புதன் மாலை பிராக்டிஸ். என் முகத்தில் என்ன பார்த்தாரோ. "பொட்டிய இங்கயே வுட்டுட்டுப் போ சார். காலைல தொழுகை, அப்பால வூட்ல வேல கீது, எல்லாம் முடிச்சிட்டு மதியானம் வந்து தொறக்கறேன். நீ வா" என்றார்.

பண்டிகை நாளில் வேண்டாம் என்று எழுதினேன். அவர் சிலேட்டை வாங்கி, கட்டைவிரலால் அழித்துத் திருப்பித் தந்தார்.

டிசம்பர் 9, செவ்வாய், பக்ரீத்

நல்ல வெயில்.

மதியம் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஜாபர் புதுச் சட்டை, அத்தர் வாசனை, கையில் டிபன் கேரியர். "சாருக்கு சேமியா பாயசம். ஆறவெச்சி, முந்திரிய அரைச்சிப் போட்டுக் குடுத்தா வூட்ல. பிரியாணி மேல தட்டுல, அது டீச்சரம்மாவுக்கு." அவர் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. என் தொண்டைக்கு முந்திரி உறுத்தும் என்று அந்த வீட்டில் யாரோ யோசித்திருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது, எழுதுவதில் என்ன வெட்கம்.

பிறகு தேடினோம். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ இதே இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு ஃபோரத்தில் அழுதிருக்கிறார். இன்னொருவர் பொறுமையாகப் பதில் போட்டிருக்கிறார். விஷயம் இவ்வளவுதான்: என் பதிப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இனி அதற்குப் புதுச் சரக்கு வராது. ஆனால் இருந்த சரக்கை அவர்கள் தூக்கிப் போடவில்லை. பழைய பதிப்புகளுக்கென்று தனியாக ஒரு கோடவுன், எல்லாவற்றையும் அங்கே மாற்றி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் பழைய வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எங்கள் ஸ்டோர்ஸிலும் உண்டு இப்படி ஒரு ஷெட். ஓடாத மிஷினின் உதிரிபாகமெல்லாம் அங்கே. வருஷத்துக்கு ஒருவன் வந்து கேட்பான். அந்த ஒருவனுக்காக மாதாமாதம் தூசு தட்டச் சொல்வேன், பையன்கள் என்னைத் திட்டுவார்கள்.

முகவரிகள் எழுதிய கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் பழைய வாசலை அழித்துக் கோடவுன் பெயரைப் போட்டோம். நான் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், ஜாபர் அடித்தார். ஒரு இடத்தில் புள்ளியை விட்டுவிட்டார், பிடித்துவிட்டேன். இன்னொரு இடத்தில் நான் விட்டேன், அவர் பிடித்தார்.

மறுபடி apt-get update. ஓடியது. ஓடியது. 404 இல்லை. பட்டியல் வந்துவிட்டது, என் பதிப்புக்கே உரிய பட்டியல். பிறகு சத்தப் பொட்டலம் கேட்டோம். எதையும் நீக்கச் சொல்லவில்லை. சமர்த்தாக ஏறிக்கொண்டது.

பிளே.

வந்தது. பொருட்காட்சியில் விற்கும் பொம்மை ஆர்கன் மாதிரி ஒரு சத்தம். ஆனால் நாலு குரல்! நான் மண்டைக்குள் மட்டும் கேட்டது, வெளியே, தாம்பரத்தில், பாதி மூடிய ஷட்டருக்குள். ஆல்டோவும் டெனரும் உரசிக்கொண்டு விலகும் இடம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

ஜாபர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சார், மூணாவது லைன்ல அப்டியே கீழ எறங்குது பாரு. அத்த இன்னொரு தபா போடு."

போட்டேன். நாலு தடவை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ஜாபர். ஜாபர் வீட்டம்மா. ஃபோரத்தில் பதில் போட்ட புண்ணியவான். கோடவுனில் தூசு தட்டுகிறவர், யாராக இருந்தாலும். ரூபி. ரூபி. பிரியாணியில் எனக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, இருந்தாலும் ரூபி.

டிசம்பர் 10, புதன்

பிராக்டிஸுக்குப் பெட்டி, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் ஆட்டோவில். எபி வந்து தூக்கினான். எலக்ட்ரிகல் கடையில் வேலை, கொயரில் பேஸ் என்னும் கட்டைக் குரல்காரர்களுக்குத் தலைவன்.

ஒவ்வொரு குரலாகப் போட்டேன். கேட்டார்கள். பாடினார்கள். கேட்டார்கள். எப்போதும்போல அச்சு அசல். ஒரு மணி நேரத்தில் நாலு குரலும் சேர்ந்துவிட்டன! பாஸ்டர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

முழுப் பாட்டு. முதல் அடி பிரமாதம். இரண்டாவது அடியில் முகங்கள் சிவந்தன. மூன்றாவது அடியில் எபியின் கழுத்து நரம்பு புடைத்தது. நாலாவதில் ஆல்டோ ஸ்டெல்லா அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரிய உடம்பு, சட்டென்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் குரல் அறுந்தது. எல்லோரும் ஓடிவந்த மாதிரி இரைத்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிலேட்டில்: என்ன ஆச்சு?

எபி: "மாஸ்டர், மிசின் எங்க மூச்சு வாங்குது? அது வாங்கல. அதான் நாங்களும் வாங்கல."

நான் சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. சத்தம் வரக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர.

ஸ்டெல்லா அக்கா விசிறிக்கொண்டே சொன்னார்: "சிரிக்காதீங்க தம்பி. நீங்க பாடிக் காட்டுறப்போ எங்க இழுப்பீங்களோ அங்க நாங்க இழுப்போம். இருபது வருஷமா அதான். மூச்சு எங்கன்னு நீங்க சொன்னதே இல்லியே, நாங்க எங்க கண்டோம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. உண்மை. எந்தப் பாட்டிலும் நான் மூச்சுக்குறி போட்டதில்லை. என் தொண்டை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்டர் எழுந்து வந்தார். பயந்துகொண்டே பார்த்தேன். "பாட்ட ஷீட்ல போட்டுடறேன் பிரதர்" என்றார். "யாரும் மயங்கி விழாமப் பாத்துக்கங்க, அது உங்க பொறுப்பு."

டிசம்பர் 11, வியாழன்

மூச்சுக்குறி போட்டேன், எல்லா வரியிலும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, முன்போலவே ஓட்டுகிறது. சரி என்று குறிக்குப் பதில் இடைவெளி வைத்தேன். நின்றது, ஆனால் விக்கல் மாதிரி நின்றது. 'கதவு சாத்தவில்லை' என்று சொல்லிவிட்டு ஒரு விக்கல். யார் உள்ளே வருவார்?

இடைவெளிகளை எடுத்துவிட்டேன். பெட்டிமேல் கோபம் இல்லை. அதனால் முடிந்ததை அது செய்துவிட்டது.

கம்பெனியிலிருந்து லீவு சாங்ஷன். மோட்டார் ரிப்பேர், தெருக் குழாயில் இரண்டு குடம்.

டிசம்பர் 12, வெள்ளி

டாக்டர். குழாய் விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறதாம். திங்கள் முதல் ஒரு நாளைக்குக் கொஞ்சம் வார்த்தை பேசலாம். ரூபி ஸ்தோத்திரம் என்றாள், சத்தமாக, நர்ஸ் திரும்பிப் பார்க்க.

பாட்டு என்று எழுதிக் காட்டினேன். இந்த முறை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், பாட்டு இனிமே வேணாம். பேசறதுக்கு இருக்கறதக் காப்பாத்திக்குவோம்" என்றார். மென்மையாகச் சொன்னார்.

தெரிந்ததுதான். இருந்தாலும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டு பெருங்களத்தூரில் இறங்கும் வரை ஒன்றுமே பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் இருந்தது எனக்காக என்று தெரியும், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும்.

வலிக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

டிசம்பர் 13, சனி

கடைசி பிராக்டிஸ். பெட்டி இல்லாமல். ஸ்வரம் எல்லாருக்கும் ஏறிவிட்டது, தப்பே இல்லை. மூச்சுதான் கந்தல். ஆளுக்கு ஒரு இடத்தில் இழுக்கிறார்கள், பாட்டு ஓட்டை ஓட்டையாக. நான் கையைக் காட்டினேன். என் கையைப் படித்துப் பழக்கமில்லை அவர்களுக்கு, இத்தனை வருஷமும் நான் அவர்களோடு வரிசையில் நின்று பாடுகிறவன். கை அசைந்தால் எபி தாளம் என்று நினைத்து வேகமாகப் போகிறான்.

ஸ்டெல்லா அக்கா: "விடுங்க தம்பி, நாளைக்கு ஆண்டவர் பாத்துப்பார்."

அவருக்கு நாளைக்கு நிறைய வேலை இருக்கும்.

ஜாபர் மெசேஜ்: நாளைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரலாமா, அந்த மூணாவது லைன் ஆளுங்க பாடினால் எப்படி என்று கேட்க வேண்டுமாம். வாருங்கள் என்று அனுப்பினேன். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் ஆராதனை. மழை இல்லை. சபை நிறைந்துவிட்டது, சுவர் ஓரம் வெள்ளக் கறை அப்படியே. கடைசி பெஞ்சில் ஜாபர், அத்தர் வாசனையோடு. மூன்றாவது வரிசையில் ரூபி.

எங்கள் முறை. கொயர் எழுந்து நின்றது. வரிசையில் என் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. நான் அங்கே போகவில்லை. அவர்களுக்கு எதிரே வந்து நின்றேன். கையைத் தொங்கவிட்டேன். எபி முழித்தான். ஸ்டெல்லா அக்கா என் முகத்தையே பார்த்தார்.

என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான், அதை டாக்டர் தடை செய்யவில்லை. வாயைத் திறந்து, தோள் உயர, நெஞ்சு நிறைய, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி மூச்சை இழுத்தேன். பாடப் போகிறவன் எப்படி இழுப்பானோ அப்படி.

அச்சு அசலாக, மொத்தக் கொயரும் இழுத்தது.

கதவு சாத்தவில்லை, வாரும். அடி முடியும் இடத்தில் நான் மறுபடி இழுத்தேன், அவர்களும் இழுத்தார்கள். அடுத்த அடி. அடுத்தது. யார் கண்ணும் என்னை விட்டு அகலவில்லை. மூன்றாவது வரி இறங்கும் இடத்தில் பின்னால் ஜாபர் "ஆஹா" என்றது கேட்டது. பாட்டு முழுசாக, ஓட்டை இல்லாமல், என் மூச்சில் போயிற்று.

கடைசி அடிக்கு முன்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். ரூபி வாயைத் திறக்கவில்லை, பாட்டைக் கெடுத்துவிடுவோம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இழுத்தபோது அவள் தோளும் உயர்ந்தது.